நீர்முள்ளி கொல்லையில் நிற்காது

நம் வயதில் காலையில் எழுந்ததும் கண்ணாடியைப் பார்க்கிற வழக்கம் போய், கணுக்காலைப் பார்க்கிற வழக்கம் வந்துவிடுகிறது. பூங்காவில் நடக்க வருகிற நம் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதே பேச்சுதான். ஒருத்திக்குச் சாயங்காலம் ஆனால் செருப்பு நுழையவில்லை. இன்னொருத்திக்குக் காலுறையின் விளிம்பு வளையம் போட்டதுபோல் பதிந்து நிற்கிறது. போன வாரம் என் முறை. டாக்டர் கட்டைவிரலால் என் காலை அழுத்திவிட்டு, விழுந்த குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சின்னப் பையன், என் பேரனைவிட நாலைந்து வயது கூட இருப்பான். அவன் எழுதிக்கொண்டிருந்தபோது நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல நிறைந்து வந்தது. எனக்கு எங்கள் ஊர்க் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது.

நீர்முள்ளி என்று ஒரு செடி உண்டு. வாய்க்கால் கரையிலும் வயல் ஓரத்துச் சேற்றிலும் தானாக முளைக்கும். உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது. முழங்கால் உயரத்துக்குமேல் விறைப்பாக நிற்கும். தண்டில் ஒவ்வொரு கணுவிலும் இலைகள் சுற்றி வளைத்திருக்கும். அந்த இலைகளுக்கு நடுவே ஊசி ஊசியாக மஞ்சள் முள். முள்ளுக்கு நடுவில்தான் பூ. கத்தரிப்பூ நிறத்தில், உதடு பிளந்த மாதிரி அழகான பூ. பறிக்கப் போனால் விரலில் ரத்தம் வராமல் திரும்ப முடியாது. இதன் விதையை நாக்கில் வைத்தால் கொழகொழவென்று ஊறி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கேள்வி கேட்கும்போது பதில் சொல்லாமலிருக்க நாங்கள் அதை வாயில் போட்டுக்கொள்வோம். அவ்வளவுதான் அதன் உபயோகம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். வீட்டின் முன்பக்கம் தெரு, பின்பக்கம் கொல்லை. கொல்லையில் கிணறு, வாழை, மாட்டுக் கொட்டகை, நெல் அவிக்கிற அடுப்பு. சுற்றிலும் மண் சுவர். சுவரின் கோடியில் ஒரு பலாமரக் கதவு, அதைத் திறந்தால் வாய்க்கால். அந்தக் கதவுக்கு ஒரு கட்டைத் தாழ்ப்பாள் இருந்தது. என் தொடை அளவு கட்டை. இழுத்துப் போட்டால் வீட்டுக் கூடம்வரை சத்தம் கேட்கும்.

நான் எட்டாவது படித்த வருஷம் ஐப்பசி அடைமழையில் பெரியவளானேன். மாமா வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டினார். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், புதுத் தாவணி கட்டினார்கள், தெருவையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்ட எல்லோரும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது. எல்லாம் முடிந்து ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பலாம் என்று பையைத் தேடினேன். காக்கித் துணிப் பை, மூலையில் மைக்கறை. அதைக் காணோம். அத்தை அதைச் சமையலறைப் பரணில் ஏற்றியிருந்தாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்து, மகனோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். அப்பாவை வளர்த்தவளும் அவள்தான் என்பதால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அப்பா நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். ஆனால் அத்தை இருக்கும் இடத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லுமுன் அத்தையின் முகத்தைப் பார்ப்பார். அத்தை மகன் அப்போது நாகப்பட்டினத்தில் ஒரு மண்டியில் வேலை பார்த்தார். அவருக்கு என்னைக் கொடுப்பது என்பது நான் பிறந்த அன்றே முடிவான விஷயம். வைகாசியில் பூ வைப்பதாகப் பேச்சு. அதுவரை பெண் வீட்டோடு இருக்க வேண்டும்.

ஒருநாள் அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்பா, பங்குனியில பரீட்ச. அத மட்டும் எழுதிட்டு வந்துடறேம்பா."

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை எச்சில் இலையை எடுத்துக்கொண்டே, எட்டாவது எழுதினால் ஒன்பதாவது எழுதத் தோன்றும் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. சரியாகத்தான் சொன்னாள் என்பது பின்னால் தெரிந்தது.

வீட்டோடு இருப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்களில் எத்தனை பேர் அதைத் தாண்டி வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். வாசல் பக்கம் போகக் கூடாது, சன்னலில் நிற்கக் கூடாது, கிணற்றடியில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. எனக்கு விட்டு வைத்தது கொல்லை ஒன்றுதான். காலையில் பள்ளிக்கூட மணி அங்கே நன்றாகக் கேட்கும். மணி அடித்ததும் நான் மனதுக்குள் வரிசையில் போய் நின்று, உட்கார்ந்து, வருகைக்குப் பதில் சொல்லுவேன். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன்.

மார்கழியில் அம்மாவுக்குக் கால் வீங்கியது. முதலில் மெட்டி இறுகியது. அப்புறம் முகம். காலையில் எழுந்தால் கண் திறக்கவே சிரமப்படுகிற மாதிரி இமை தடித்திருக்கும். நடந்தால் மூச்சு வாங்கியது. வலங்கைமானிலிருந்து வைத்தியர் மாட்டு வண்டியில் வந்தார். அம்மாவின் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. நீர்முள்ளியை வேரோடு பிடுங்கி, அலசி, இடித்து, சோம்பும் நெருஞ்சியும் சேர்த்து மண்சட்டியில் சுண்டக் காய்ச்சிக் காலையில் குடிக்கச் சொன்னார். பச்சையாகக் கிடைத்தால் நல்லது, கிடைக்காத காலத்துக்குக் காயவைத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கேட்கும் என்றார். இதைச் சமையலறைப் பக்கம் வந்து பெண்களிடம்தான் சொன்னார். அப்பா வாசலில் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது செடியின் பெயரும் பச்சை என்ற சொல்லும்தான்.

எங்கள் வயலில் நடவு நட வருகிற அக்கா தலைச்சுமையாக ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதியை அத்தை கயிற்றில் கட்டிப் பரணில் தொங்கவிட்டாள். அவளுக்கு எதையும் எடுத்து வைக்காமல் தூக்கம் வராது. மிச்சத்தில் இரண்டு செடி வேரில் சேற்றோடு இருந்தன. எனக்கு வேறு வேலை இல்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வழிந்து வாழைக்குப் போகிற ஓடையில் அவற்றை ஊன்றி வைத்தேன்.

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. முள்ளுச் செடியை வீட்டு எல்லைக்குள் வைத்தால் குடும்பத்தில் சண்டை வரும் என்பது அவள் கட்சி. அப்பா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்க்காமல், மருந்துக்குத் தோஷமில்லை அக்கா என்றார். அம்மாவின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் இருந்தது என்பதை அன்றுதான் பார்த்தேன். அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

செடி பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டது என்றால் சாதாரணமாக இல்லை. சோப்புத் தண்ணீரும் சாணித் தண்ணீரும் கலந்த அந்த ஓடை அதற்கு விருந்தாகிவிட்டது. நுனியை ஒடித்தால் பக்கத்தில் இரண்டு கிளை வந்தது. கிளையை ஒடித்து ஊன்றினால் அதுவும் வேர் விட்டது. தை பாதியாவதற்குள் கிணற்றிலிருந்து வாழைவரை ஒரே நீர்முள்ளிப் புதர். வெயில் ஏறும் நேரத்தில் அத்தனை கணுவிலும் பூ. தேனீக்கள் முள்ளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டிருக்கும். நான் இடது கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, அரிவாள்மணையின் மழுங்கிய முனையால் கணுவின் முள்ளைத் தட்டிவிடக் கற்றுக்கொண்டேன். தினம் விடிந்ததும் ஒரு கைப்பிடி. கஷாயம் கறுப்பாக, மண்ணும் புல்லும் கலந்த வாசனையோடு இருக்கும். அம்மா அதை முகம் சுளிக்காமல் ஈயச் சொம்பில் குடிப்பாள். அந்தச் சொம்பு பின்னால் எந்தப் பாத்திரக்காரனிடம் போயிற்றோ தெரியவில்லை, இப்போது கிடைத்தால் என்ன விலையும் கொடுப்பேன்.

அம்மாவின் கால் வற்றியது. மெட்டி சுழன்றது. நான் தினம் காலையில் அவள் கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். குழி விழுந்த வேகத்தில் நிறைந்துவிடும். அவள் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்வாள். அந்தச் செடியை நான் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தேன், அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

ஒருநாள் அப்பா களத்திலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவினார். புதரைப் பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாரு அக்கா, வெளியில ஒரு அடி வெக்காம மருந்து வீட்டுக்குள்ளயே வந்துடுது. பொண்ணு வீட்டோட பொருந்திட்டா. பரீட்ச பரீட்சன்னு கேட்டுக்கிட்டிருந்தா, இப்ப வாயத் தொறக்கறதில்ல."

பாராட்டாகத்தான் சொன்னார். என் தலையைத் தடவிவிட்டும் போனார். நான் கையில் பழந்துணியோடு நின்றேன். நடவுக்கார அக்கா அறுவடைக்கு வேறு ஊருக்குப் போய்விட்டார். அப்பா விடிந்ததும் களத்துக்குப் போய்விடுவார். அம்மாவால் கொல்லைக் கதவுவரைகூட நடக்க முடியாது. விடிகாலையில் தாலியில்லாதவள் எதிரே வந்தால் ஆகாது என்று தெரு முகம் சுளிக்கும், அதனால் அத்தை வெளியே இறங்குவதில்லை. கொல்லையில் செடி இல்லாமலிருந்தால் வாய்க்காலுக்குப் போய்ப் பறித்துவர அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. அதுவும் மேட்டூரில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், கொல்லைக்குப் பின்னால் இருந்த வாய்க்கால் காய்ந்துகொண்டிருந்தது. பச்சை நீர்முள்ளி இனிமேல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடுகிற வடிவாய்க்காலில்தான் கிடைக்கும். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டையில் விழுந்தது. எனக்கு நானே சுவர் வைத்துக்கொண்டு, அதற்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்தேன். ஓடையில் ஒரு கை மண்ணை வெட்டிப்போட்டு மடையை மாற்றினேன். தண்ணீர் செடிக்குப் போகாமல் நேராக வாழைக்குப் போயிற்று. யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. நீர்ச்செடி எத்தனை நாள் தாங்கும்? இலை தொங்கத் தொடங்கியது. பூ சுருங்கியது. தேனீ வரவில்லை.

பள்ளிக்கூட மணி கேட்கும். நான் செடியைப் பார்ப்பேன். அப்புறம் உள்ளே போனால் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அந்தக் காலைப் பார்ப்பேன். இப்படியே போயிற்று. நான் பரீட்சைக்குப் போவதற்கு இந்தச் செடி சாக வேண்டும். செத்து, நான் போய்ப் பறித்துவர அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால்? அம்மாவின் கால்கள் மறுபடி எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அழுதால் ஏன் என்று கேட்பார்கள் என்பதால் மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வேன். பசுமாடு மட்டும் என்னை நக்கிப் பார்க்கும்.

கடைசியில் என்னால் முடியவில்லை. ஒரு மத்தியானம் போய் மண்ணை வெட்டி எடுத்து மடையைப் பழையபடி திருப்பிவிட்டேன். தண்ணீர் சலசலவென்று செடிக்குள் ஓடியது. மண்வெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எத்தனை நாளாக அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாளோ. சாப்பிட வா என்று மட்டும் கூப்பிட்டாள். அன்று குழம்பில் இருந்த மாங்காய் முழுவதையும் என் தட்டில் போட்டாள்.

செடி உயிர் பிடித்து மறுபடி துளிர்த்தது. மாசி வந்தது. வருஷச் சாப்பாட்டுக்கு நெல் அவிக்கிற நாள். நெல் அவிப்பது டெல்டாக்காரப் பெண்களுக்குத் திருவிழா மாதிரி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அண்டா தூக்கியதில்லை. முந்தின நாளே ஊறப்போட்ட நெல்லை, விடியும்போது அடுப்பு மூட்டி ஈடு ஈடாக அவிக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும். நெல் வெடித்ததும் கூடையில் வாரி முற்றத்தில் கொட்ட வேண்டும். அடியில் தங்குகிற கொதிதண்ணீர் தேன் நிறத்தில், ஒருவித புளிப்பும் இனிப்புமான வாடையோடு இருக்கும். அந்தப் புழுங்கல் வாடை துணியில் ஏறினால் இரண்டு சலவைக்குப் போகாது. அத்தை வாரிக்கொட்டினாள், நான் முற்றத்தில் காலால் கிளறிவிட்டேன். அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து உமி தள்ளினாள். அதற்குமேல் அவளுக்கு வேலை வைக்க வேண்டாம் என்று அத்தைதான் சொல்லியிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். புதர் முழுக்கப் படுத்துக் கிடந்தது. இலையெல்லாம் வெந்த கீரைபோல் கறுத்துத் தண்டில் ஒட்டியிருந்தது. பூ நிறம் போய் வெளுத்திருந்தது. முள் மட்டும் அப்படியே விறைப்பாக நின்றது. குனிந்து ஒரு செடியைப் பிடித்தேன், சேற்றிலிருந்து வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. வேர் கொழகொழத்திருந்தது. முகத்துக்கு அருகே கொண்டுபோனதும் அந்த வாடை அடித்தது. புழுங்கல் தண்ணீர். அடுப்புக்கும் கிணற்றடிக்கும் நடுவில் ஒரு கொட்டகையின் தூரம். அண்டாத் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கச் சொம்பு சொம்பாக மொண்டு, வீங்கி வற்றின அந்தக் காலோடு அம்மா எத்தனை தடவை நடந்திருக்க வேண்டும்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிலையில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, செடி பட்டுப் போச்சு. காட்டுச் செடிதானே, கொல்லையில வெச்சா நிக்காது போல."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்றார். ஓடையைப் பார்த்தார், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு நெல் தெரியும், உளுந்து தெரியும். ஒரே ராத்திரியில் ஒரு புதர் சாவது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. வழக்கம்போல் அத்தையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

அத்தை வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினாள். வேரைக் கையில் வைத்து நசுக்கினாள். அப்புறம் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். எனக்கு உயிர் போய்விட்டது. ஆயுளுக்கும் நெல் அவித்த மூக்கு அது. கண்ணைக் கட்டிவிட்டாலும் அது ஏமாறாது. அத்தை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அப்புறம் அத்தை என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என்னை அதற்குமுன் பார்த்ததில்லை.

"அப்பவே சொன்னேன்டா தம்பி, முள்ளுச் செடி ஆவாதுன்னு. வாய்க்கால்ல கெடக்கறது வாய்க்கால்லதான் கெடக்கும்."

செடியைக் குப்பைக் குழிப் பக்கம் வீசினாள். அப்பா குழம்பிப்போய் நின்றார். அப்போ மருந்துக்கு என்ன செய்வது என்றார். அம்மா, வைத்தியர் பச்சையாகத்தான் கேட்டார், பள்ளிக்கூடத்துப் பின்னால் வடிவாய்க்காலில் இருக்கிறதாம், பாப்பா போய் எட்டிப் பறித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்றாள். அப்பா மறுபடி அத்தையைப் பார்த்தார்.

அத்தை சமையலறைக்குள் போனாள். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பரணில் கை விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். அங்கே அவள் கட்டித் தொங்கவிட்ட காய்ந்த நீர்முள்ளிக் கட்டு இருந்தது. வைகாசிவரை அம்மாவுக்குப் போதும். அது கீழே வந்துவிட்டால் நான் வெளியே போக ஒரு காரணமும் கிடையாது. அம்மாவும் அதை மறந்துதான் போயிருக்க வேண்டும், அவள் முகம் வெளுத்துவிட்டது. சருகு உரசுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அத்தை அந்தக் கட்டைத் தள்ளிவிட்டு அதற்குப் பின்னால் கையை விட்டு எதையோ இழுத்தாள். தூசி பறந்தது. கீழே இறங்கி, அதை முந்தானையால் துடைத்து, என்னிடம் நீட்டினாள். என் பள்ளிக்கூடப் பை.

"வெறுங்கையில பறிச்சுக்கிட்டு வந்தா முள்ளு கிழிச்சுடும். இதுல போட்டுக்கிட்டு வா."

பை கனமாக இருந்தது. புத்தகமெல்லாம் உள்ளே அப்படியே இருந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் அன்று வாயைத் திறந்திருப்பாரா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சுருக்கம். வடிவாய்க்காலில் நான் முள்ளோடு மல்லுக்கட்டுவதை வகுப்புச் சன்னலிலிருந்து டீச்சர் பார்த்துவிட்டார். பறித்ததை வெளியே வைத்துவிட்டுக் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காரச் சொன்னார். மருந்து காலையிலேயே காய்ச்ச வேண்டும் என்று முதல் நாள் திரும்பி ஓடினேன். மறுநாளிலிருந்து அத்தை அதற்கும் ஒரு வழி வைத்தாள், இன்று பறித்ததை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து நாளைக் காலை காய்ச்சலாம் என்றாள். நான் மத்தியானம் திரும்புவது அப்பாவுக்குத் தெரியவந்தபோது, வெயில் தாழப் பள்ளிக்கூடத்து நிழலில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள், அதிலென்ன என்று அம்மா சொன்னாளாம். மாசி மாதத்துக் காலை வெயில் தாழ்வதற்கு மத்தியானம்வரை காத்திருக்கிற பெண் நான் ஒருத்திதான். பங்குனியில் பரீட்சை எழுதினேன். எட்டாவது எழுதினால் ஒன்பதாவது எழுதத் தோன்றும் என்று அத்தை சொன்னது பலித்தது. அத்தை மகன் நாகப்பட்டினத்திலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதற்காக அத்தை யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் அன்று அந்தப் பையை எடுத்தாய் என்று நானும் அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் முள்ளுக்கு என்றுதான் சொல்லியிருப்பாள்.

வாழ்நாள் முழுக்க நான் வேலைக்குப் போனேன், பென்ஷன் வாங்குகிறேன், ஊர் ஊராகப் போய்வந்தேன். ஆனால் அந்த மாசி பங்குனியை நினைத்தால் பரீட்சை ஞாபகம் வருவதில்லை. மத்தியானம் நான் திரும்பியதும் அம்மா காலை நீட்டி உட்காருவாள். அன்று கொதிதண்ணீரைச் சுமந்து நடந்ததிலும் மருந்து தவறியதிலும் அந்தக் கால் மறுபடி வீங்கியிருந்தது. நான் அழுத்திப் பார்ப்பேன். குழி நிறைகிறவரை அம்மா கேள்வி கேட்பாள். வடிவாய்க்காலில் தண்ணீர் என்ன நிறம், அக்கரையில் என்ன தெரிகிறது, பள்ளிக்கூடத்துப் புளியமரம் காய்த்திருக்கிறதா என்று கேட்பாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் கை நின்றுவிடும். மகன் நாகப்பட்டினத்தில் இருந்தும் அவள் கடலைப் பார்த்ததில்லை. அம்மா கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்ததிலிருந்து கொல்லைக் கதவைத் தாண்டி அந்த வாய்க்கால்வரை போனதில்லை. இரண்டு பேரும் கடைசிவரை போகவே இல்லை.

காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு அந்தப் பலாமரக் கதவைத் தாண்டுவேன். நாலடி வைப்பதற்குள் பின்னால் கட்டைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். உள்ளேயிருந்து அதைப் போடுகிறவள் அத்தை. அந்த வயதில் அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும், கேட்டதும் ஓட்டம் பிடிப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.